கும்பினிக் குடாவின் கட்டு

கடல்கட்டி மிக்கேல் பர்னாந்து கடைசியாகப் போட்ட கட்டை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை என்பது திரேஸ்புரத்தில் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாத் துறைக்குத்தான் தெரியாது.

முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், குளியாட்கள் தண்ணீரில் இறங்கும் முன்பு, கரையில் ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தான். அவனைத்தான் கடல்கட்டி என்பார்கள். சர்க்காரே அவனுக்குப் படியளந்தது. வெள்ளைக்காரத் துரைகள் மந்திரத்தை நம்பவில்லை. கடல்கட்டி இல்லாமல் ஒரு குளியாளும் கால் நனைக்கமாட்டான் என்பதை மட்டும் நம்பினார்கள். சுயராஜ்யம் வந்த பிறகு வந்த அதிகாரிகளும் அப்படியே. காலையில் கட்டினால் மாலையில் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் சுறா வாய் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கும். அந்தப் பசி எங்கேயும் போகாது, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அறுபத்தொன்றில் கும்பினிக் குடாவில் நடந்த கடைசிக் குளிப்பின் கடைசி நாள். மிக்கேல் காலையில் கட்டிவிட்டு வந்தார். மத்தியானம் வாதம் வந்து விழுந்தார். வாய் கோணிப் பேச்சுப் போய், ஒரு வாரம் கிடந்து செத்தார். சர்க்கார் பந்தலைப் பிரித்தது, மிச்சமிருந்த மூங்கிலை ஏலம் போட்டது. கட்டு மட்டும் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு கும்பினிக் குடாவில் ஒருவனையும் சுறா தொட்டதில்லை. சங்கு குளிக்கிறவர்கள் வேறெங்கும் காட்டாத தைரியத்தை அங்கே காட்டினார்கள். நல்ல சங்கும் அங்கேதான் கிடந்தது. ஆனாலும் அந்தக் குடாவைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். பதிமூன்று வருஷப் பசி கீழே கிடக்கிறது அல்லவா.

மிக்கேலின் மகன் பவுல் உப்பு மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். சாகும்போது மகன் காதில் சொல்லவேண்டிய மந்திரத்தைச் சொல்ல அப்பாவுக்கு வாய் இல்லாமல் போனதால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஊர் முடிவு. ஊர் முடிவில் பாதிதான் சரி. அப்பா கட்டுகிற விடியற்கருக்கலில் பவுல் தூங்கிக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குக் கடுங்காப்பி கொண்டுபோகிற நேரம், அவர் அவிழ்க்கிற நேரம். ஓலைக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டே அவிழ்க்கிற வார்த்தைகள் முழுவதும் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டன. கட்டுகிற வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. இதை அவன் அக்கா ஹில்டாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி ஆகப்போவது என்ன?

இப்படி எல்லாம் அமைதியாக இருந்தபோதுதான் பேராசிரியர் அருமைநாயகம் வரலாற்றைக் காப்பாற்றக் கிளம்பினார்.

அவர் நாசரேத்துக்காரர். பேராசிரியர் பட்டத்தை எந்தக் கல்லூரியும் கொடுக்கவில்லை, அவர் நடத்திய டுடோரியல் காலேஜின் பெயர்ப்பலகை கொடுத்தது. முத்துக்கரைத் தொன்மைக் கழகம் என்று ஒன்று வைத்திருந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே என்பதால் கூட்டங்களில் கருத்து வேறுபாடு வந்ததில்லை. மனைவி ஜெயசெல்வி உறுப்பினர். அவள் காப்பி போட எழுந்துபோனால் சபை ஒத்திவைக்கப்படும்.

புதுத் துறைமுகம் திறக்கப்போகிறார்கள், சீமைக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவார்கள், அவர்களுக்கு உப்பையும் கருவாட்டையும் தவிர வேறு எதையாவது காட்டவேண்டும் என்பது அவருடைய கவலை. கும்பினிக் குடாவுக்குப் படகில் கொண்டுபோய், கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி மிதக்கவிட்டால், கீழே பவளப்பாறையைப் பார்ப்பார்கள், மேலே வரலாற்றைக் கேட்பார்கள். என்ன வரலாறு என்று கேட்டால், டச்சுக்காரனும் கும்பினிக்காரனும் நங்கூரம் போட்ட குடா என்பார். காற்றுக்கு ஒதுங்க அந்தப் பக்கம் வேறு இடமே கிடையாது, அதனால் அது உண்மையாகவும் இருக்கலாம். ரோமாபுரி ராணிகள் காதில் போட்ட முத்தெல்லாம் இந்தக் குடாவில் எடுத்ததுதான் என்றும் சொல்வார். அதற்கு ராணிகள்தான் சாட்சி.

திட்டத்தைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து சுற்றுலாத் துறைத் துணை இயக்குநர் மனைவியோடு வருவதாகத் தகவல் வந்தது. பேராசிரியர் ஒரு கப்பல் என்ஜினியரைப் பிடித்துக் கண்ணாடி, குழல், ரப்பர் துடுப்புச் செருப்பு எல்லாம் வாங்கினார். பிறகு உப்பு மண்டிக்கு வந்து பவுலைப் பிடித்தார். துணை இயக்குநர் முன்னால் அவன் கடல் கட்டவேண்டும், மாலையில் அவிழ்க்கவேண்டும். பதிலுக்கு, கரையில் கட்டப்போகிற சுற்றுலா மாளிகையில் அவனுக்கு வாட்ச்மேன் உத்தியோகம், நிரந்தரம். மாளிகைக்கு இன்னும் இடம் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

பவுல் தனக்கு மந்திரம் தெரியாது என்றான்.

"தெரியாட்டி என்னப்பா? எங்க நாசரேத்துக் கோயில்ல பாதிப் பேருக்குப் பாட்டே தெரியாது. வாயை அசைக்கலையா?" என்றார் பேராசிரியர்.

படகுக்கு அவர் பிடித்த ஆள் மனுவேல், ஹில்டாவின் புருஷன். அந்த வட்டாரத்தில் நீண்ட மூச்சுக்காரன். விருந்தாளிகளோடு தண்ணீரில் இறங்கி வழிகாட்டப்போகிறவனும் அவன்தான். விஷயம் கேள்விப்பட்டதும் நேரே பவுலிடம் வந்தான்.

"கட்டுற மாதிரி நடிச்சுக்கோ. கட்டு மேல கட்டு விழுந்தா கெட்டா போவுது? அவுக்குற கூத்து மட்டும் வேண்டாம்லே. வெளையாட்டுக்குக்கூட வேண்டாம்."

"எனக்கு எங்க மச்சான் அவுக்கத் தெரியும்?" என்றான் பவுல். சொல்லும்போது மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியுமோ தெரியாதோ, ஓம் வாய் மிக்கேல் மாமா வாய். கடலுக்கு ஆளு தெரியாது, வாயத்தான் தெரியும்."

அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஹில்டா திரும்பாமலேயே ஒன்று சொன்னாள். "அந்தத் தண்ணிலதான் இவரு கெடப்பாரு. அத நெனச்சுக்கோ."

பவுல் மாதா மேல் ஆணையாக அவிழ்க்கமாட்டேன் என்றான்.

விழா நாள் காலையில் கரையில் பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். துணை இயக்குநர் வெள்ளை அரைக்கால் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டிருந்தார். மெட்ராஸ் கிளப்பில் நீச்சல் பழகியவர் என்று பேராசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். மற்றவர்கள் எல்லாம் நீச்சலைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டவர்கள் என்பதுபோல் இருந்தது அந்த அறிமுகம்.

பவுல் வெண்கலச் சட்டியில் தண்ணீர் வைத்து உட்கார்ந்தான். என்ன சொல்வதென்று ராத்திரி முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சின்ன வயதில் கோயிலில் பூசை உதவி செய்தவன். பூசை தமிழுக்கு மாறுவதற்கு முன்பு படித்த லத்தீன் பிரார்த்தனை அப்படியே ஞாபகத்தில் இருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முணுமுணுத்தான். பேராசிரியர் தம்முடைய டேப்ரிக்கார்டரை அவன் வாயருகே பிடித்துக்கொண்டார். முடிந்ததும், இது தமிழ் தோன்றுவதற்கு முற்பட்ட கடலோடிகளின் மொழி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கூட்டத்தில் நின்ற ஒன்றிரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல வார்த்தைதானே என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

படகில் ஆறு பேர். துணை இயக்குநர், அவர் மனைவி வத்சலா, பேராசிரியர், பவுல், மனுவேல், சுக்கான் பிடிக்க மனுவேலோடு சங்கு குளிக்கிற கிளாட்வின்.

கடல் செத்துக் கிடந்தது. அலை இல்லை, காற்று இல்லை. புதுத் துறைமுகத்துக்காக அடி மண்ணைத் தோண்டுகிற இயந்திரம் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அது கிளப்பிய கலங்கல் பழுப்பாக நெடுந்தூரம் கூடவே வந்து, பிறகு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. அதற்கப்பால் தண்ணீர் அடி தெரிகிற தெளிவு. கிளாட்வினுக்கு அந்தத் தெளிவு பிடிக்கவில்லை. ஒரு கடல்காக்கையைக்கூடக் காணோமே என்று மனுவேலிடம் மெல்லச் சொன்னான். பேராசிரியர் அதைக் கேட்டு, பறவைகளும் வரலாற்றுக்கு மரியாதை செலுத்துகின்றன என்றார். துணை இயக்குநர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்திருக்கவேண்டும், சிரிக்கவில்லை.

குடாவில் நங்கூரம் போட்டதும் பேராசிரியர் மூச்சுக்குழலை எப்படிக் கடிப்பது, எச்சிலால் கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று விளக்கினார். அவர் இறங்கவில்லை. வரலாற்று ஆசிரியன் சற்று விலகி நின்று பார்க்கவேண்டியவன் என்று காரணம் சொன்னார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது அதைவிடச் சுருக்கமான காரணம். வத்சலா, புடவை நனையும் என்று படகிலேயே இருந்துகொண்டாள்.

துணை இயக்குநர் இறங்கினார். மனுவேல் பக்கத்திலேயே மிதந்து அவருக்குக் கீழே காட்டினான். சுண்ணாம்புச் சூளைக்குப் பாறை உடைக்கிறவர்கள் விட்டுவைத்த கொஞ்சம் பவளம் அங்கங்கே மிச்சமிருந்தது. நடுவில் ஒரு மாட்டுவண்டியை இறக்கிவிடலாம்போல வெறும் வெள்ளைக் குழிகள். துணை இயக்குநர் ஒரு மீனைக் கண்டு குழல் வழியாக ஏதோ கத்தினார். அது எருமை கனைப்பதுபோல் கேட்டது. அப்புறம் மீன்களைப் பின்தொடர்ந்து தனியாகவே மிதக்கத் தொடங்கினார். இனி உதவி வேண்டாம் என்று மனுவேலைக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

மனுவேல் படகுக்கு வந்து தொற்றிக்கொண்டு இளைப்பாறினான். வத்சலா ஒரு சங்கு கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்டாள். உயிர்ச் சங்காகவே எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவன் மூச்சை இழுத்து முங்கினான்.

அந்த இடைவேளையில் பேராசிரியருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் பதிந்ததை வத்சலாவுக்குப் போட்டுக்காட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் மெட்ராஸில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"இது லத்தீன் லிட்டனி சார். எங்க சாப்பல்ல தினமும் சொல்லுவாங்க. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு அர்த்தம்."

தமிழுக்கு முற்பட்ட மொழி டேப்ரிக்கார்டரில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பேராசிரியர் அதை நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் காதுக்குப் போய்விட்டது. ஊருக்கு முன்னால் ஒலிபெருக்கியில் பேசியது, துணை இயக்குநர் மெட்ராஸுக்குத் திரும்பி எழுதப்போவது, இரண்டும் ஒன்றாக அவர் கண்முன் வந்திருக்கவேண்டும். அன்றைக்கு உப்பு மண்டியில் வாயை அசைத்தால் போதும் என்றவர் இப்போது தாம் மோசம் போய்விட்டதாகக் கத்தினார். வாட்ச்மேன் உத்தியோகத்தை மறந்துவிடச் சொன்னார். பவுல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பேராசிரியர் அதோடு விட்டிருக்கலாம்.

"ஓங்கப்பனும் இப்படித்தான் ஏமாத்திச் சோறு தின்னானா? பூசைப் பாட்டச் சொல்லி சர்க்கார் பணத்த வாங்கினானா? சொல்லு. உண்மையான மந்திரம்னு ஒண்ணு இருந்தாத்தான் உனக்குத் தெரியுமே."

பவுல் நிமிர்ந்தான்.

"இருக்கு" என்றான்.

"எங்க, சொல்லு பார்ப்போம்."

கிளாட்வின் சுக்கானை விட்டு எழுந்து, வேண்டாம்லே பவுலு என்றான். பவுல் காதில் அது விழவில்லை. பதிமூன்று வருஷமாக நாக்குக்கு அடியில் கிடந்தது தானாக எழுந்து வந்தது. அது உறுமலோ முணுமுணுப்போ அல்ல. சாயங்காலம் ஏரிலிருந்து மாட்டை அவிழ்த்துவிடுகிறவன் பேசுவதுபோல், தட்டிக்கொடுக்கிற குரலில், போங்கள், போய்த் தின்னுங்கள் என்று கூப்பிடுகிற வார்த்தைகள். வத்சலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அது என்ன மொழி என்று அவளுக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை. நல்ல தமிழ்தான்.

கடைசி வரி முடியும்போது மனுவேலின் தலை படகோரத்தில் எழும்பியது. ஒரு கையில் சங்கு. அவன் மாமனாரோடு எத்தனையோ மாலைகள் அந்தக் குடிசை வாசலில் நின்றவன். வரியைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சங்கைக் கைவிட்டான். ஒரே உந்தலில் படகுக்குள் வந்து விழுந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"என்னலே செஞ்ச?"

என்ன செய்தோம் என்று இப்போதுதான் பவுலுக்கும் புரிந்துகொண்டு வந்தது.

கிளாட்வின்தான் வெளியே பார்த்தான். அவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் திரும்பிவிட்டிருந்தது. துணை இயக்குநர் குடாவின் வாய்வரைக்கும் போய்விட்டார். முதுகு வெள்ளையாகத் தெரிந்தது, குழல் ஒரு விரல்போல மேலே நீட்டிக்கொண்டிருந்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் எவ்வளவு கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை. சந்தோஷமாகக் கீழே பார்த்தபடி வெளிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இடையில் உடைத்துப்போட்ட பாறைகள் முதுகு காட்டிக் கிடந்ததால் படகை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. நீந்தித்தான் போகவேண்டும்.

வத்சலா மனுவேலைக் கும்பிட்டாள். அவன் அவளைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். கிளாட்வினும் அசையவில்லை. பேராசிரியர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று இருவருக்கும் விளக்கினார். விளக்கும்போதே இரண்டு கால்களையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். படகுக்குள் இருக்கிற காலைச் சுறா எப்படிப் பிடிக்கும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

"மறுபடி கட்டுலே, நான் போறேன்" என்றான் மனுவேல்.

"எனக்குக் கட்டத் தெரியாது மச்சான்."

"அவுக்கத் தெரிஞ்சவனுக்குக் கட்டத் தெரியாதா?"

"அவுக்குறதத்தான் கேட்டிருக்கேன். சத்தியமா."

மனுவேல் அவன் முகத்தையே பார்த்தான். அவிழ்க்கமாட்டேன் என்று மாதா மேல் செய்த ஆணை நேற்றைக்கு முந்தின நாளுடையது. சத்தியத்துக்கு இனி அந்தப் படகில் மதிப்பில்லை.

பவுல் சட்டையைக் கழற்றினான். வேறு வழி இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. குதித்தான்.

அவன் கடலை விட்டு வருஷங்களாயிற்று. முதலில் கை வரவில்லை, பிறகு நீவாடே இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடி இல்லாததால் கீழே எல்லாம் கலங்கலான நிறங்களாகத்தான் தெரிந்தன. வெள்ளை என்றால் குழி. கறுப்பு என்றால் பாசி. பாசிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஒரு கறுப்பு மட்டும் இடம் மாறியதுபோல் இருந்தது. தண்ணீர் அசைந்தாலும் அப்படித்தான் தெரியும்.

தோளைத் தொட்டதும் துணை இயக்குநர் திடுக்கிட்டு உப்புத் தண்ணீர் குடித்தார். எங்கே இருக்கிறோம் என்று நிமிர்ந்து பார்த்தவருக்குக் கிளப் நீச்சல் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று. பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். திரும்பி வருவதற்கு நீவாடு எதிரே இருந்தது. பவுல் பாறைகளின் ஓரமாக, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு வந்தான். முழங்கால் உரசி ரத்தம் வந்தது. அதைப் படகிலிருந்து மனுவேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளாட்வினும் மனுவேலும் துணை இயக்குநரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். வத்சலா அழுதுகொண்டே துண்டைப் போர்த்தினாள். பத்திரமான இடத்துக்கு வந்ததும் அவருக்குப் பதவி திரும்பிவிட்டது. தம்மை இப்படி அவசரப்பட்டு இழுத்து வந்திருக்கவேண்டியதில்லை என்றார். சீமைக்காரர்கள் இதற்காகவே வருவார்கள் என்றும், தாம் அப்போது அருமையான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

"மணல்ல பெருசா சாம்பல் கலர்ல ஒண்ணு படுத்திருந்தது. இந்தப் படகு நீளம் இருக்கும். அசையவே இல்லை. இந்த ஆள் வந்ததும் மெதுவா எழுந்தது. கூடவே வந்த மாதிரி இருந்தது."

பவுல் படகின் விளிம்பைப் பிடித்து ஏறுவதற்கு உந்தினான். மனுவேல் துடுப்பை எடுத்தான். அதன் நுனியைப் பவுலின் தோளில் வைத்து, அடிக்காமல், ஓங்காமல், படகிலிருந்து ஒரு பாகம், இரண்டு கை விரித்த தூரத்துக்குத் தள்ளினான்.

"மச்சான்."

"கட்டு."

"தெரியாது மச்சான்."

"கரையில கேட்டா தெரியாதும்ப. அங்கன கெடந்தா தெரியும். நாளைக்கு நாங்க எறங்கணும்லே. எங்களுக்கு வேற கடலு கெடையாது. கட்டிட்டு ஏறு."

துணை இயக்குநர் என்ன நடக்கிறது என்று கேட்டார். பேராசிரியர் பலகைமேல் தூக்கி வைத்த கால்களை இன்னும் இறக்கவில்லை. வத்சலா மனுவேலின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை மரியாதையாக விலக்கிவிட்டு, கிளாட்வினைப் பார்த்தான். கிளாட்வின் வந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

பவுல் மிதந்துகொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முழங்காலிலிருந்து ரத்தம் நூல் நூலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை நீந்தி வந்து துடுப்பைப் பிடித்தான். மனுவேல் அதை அவன் கையிலிருந்து மெல்ல உருவி, மறுபடி தோளில் வைத்தான். அக்கா பேரைச் சொல்லிப் பவுல் கெஞ்சினான். அவள் பேரைச் சொன்னதும் மனுவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க ஒரு கையை எடுத்தான், துடுப்பை மற்றக் கையில் இறுக்கிக்கொண்டான்.

"சொல்லுலே" என்றான். "என்னமாவது சொல்லு."